ஒரு முழம் அவருடையது

என் வீட்டுக்காரருக்கு நன்றாக நெய்ய வரும். சொல்லிக்கொடுக்க மட்டும் வராது. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

"பலகைய எவ்வளவு பலமா அடிக்கோணுங்க?" என்று, குறுக்கு நூலை அடித்து நெருக்கும் தறிப் பலகையைக் காட்டிக் கேட்டால், "அடிக்கிற மாதிரி அடி" என்பார்.

"கால்மிதிய எப்ப மாத்தறதுங்க?"

"மாத்தற நேரத்துல மாத்து."

இன்னும் கிளறிக் கேட்டால், "அதெல்லாம் கைக்கே தெரியும் புள்ள" என்று சொல்லிவிட்டு, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைத் தட்டத் தொடங்கிவிடுவார். நாடா ஓடும் சத்தத்தில் என் அடுத்த கேள்வி அடிபட்டுப் போய்விடும். என் கைக்குத் தெரியவில்லை என்பதால்தானே கேட்கிறேன்? தெரிந்த கையாக இருந்தால் நான் ஏன் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து இவர் தோளுக்குப் பின்னால் நிற்கப் போகிறேன்?

நாங்கள் இருப்பது நெகமம் பக்கம். வீட்டின் முன்னறையில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் இவர் நெய்கிறார். இன்னொன்று இவருடைய தம்பியின் தறி. அவர் பல்லடத்துப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனபிறகு அது சும்மா கிடந்தது. சும்மா என்று சொல்வதும் சரியில்லை. அதன் மேல் பழைய போர்வைகள், கோழித்தீவன மூட்டை, மகள் படித்த காலத்துப் புத்தகப் பை எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தன. குழிக்குள் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு பலகையைப் போட்டு மூடியிருந்தோம்.

நான் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த நாள் முதல் ராட்டையில், நாடாவுக்குள் வைக்கும் நூல்தார் சுற்றுவது நான். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது, அறுந்த இழையைத் தேடி முடிவது, பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதன் நுனியோடு சேர்த்துப் பிணைப்பது எல்லாம் நான். விரல் நுனியில் சாம்பல் தொட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து பிணைத்தால் அதற்கப்புறம் சோற்றைப் பிசையக்கூட விரல் மடங்காது. ஆனால் நெசவாளி யார் என்று ஊரில் யாரையாவது கேளுங்கள், இவரைத்தான் காட்டுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து டிசைன் படிக்கிற பெண்கள் ஒருமுறை வந்தார்கள். ராட்டை சுற்றும் என் கையைச் சலிக்காமல் படம் எடுத்தார்கள். எடுத்துவிட்டு அவரிடம் திரும்பி, "ஒரு சேலை நெய்ய உங்களுக்கு எத்தனை நாள் ஆகும் அங்கிள்?" என்று கேட்டார்கள். "ரெண்டு நாளு, மிஞ்சிப்போனா மூணு நாளுங்க" என்றார் அவர், வெட்கமே இல்லாமல். தார் சுற்றிய நாளும் கஞ்சி போட்ட நாளும் பிணைத்த நாளும் யார் வீட்டு நாள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பிள்ளைகளுக்குக் காப்பி வைக்க வேண்டியிருந்ததால் எழுந்து போய்விட்டேன்.

இவர் நெய்த ஒவ்வொரு சேலையிலும் நான் இருக்கிறேன். ஆனால் நான் நெய்தது என்று சொல்ல ஒரு சேலைகூட இல்லை. முதல் இழையிலிருந்து கடைசி இழை வரை என் கையில் வந்த ஒரே ஒரு சேலை வேண்டும் என்று எனக்குப் பிடித்துக்கொண்டது. எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. பிடித்தபிறகு விடவும் இல்லை.

எங்களுக்குப் பல சேலைக்கு ஆகும் பாவும் நூலும் கொடுத்துச் சேலையை வாங்கிக்கொள்ளும் முதலாளி பொள்ளாச்சியில் இருக்கிறார். நல்ல மனுஷர்தான். வண்டியை வாசலில் நிறுத்தும்போதே "ஏனுங்க, ஊட்டுல இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் வருவார். ஒருநாள் வந்தவர் தம்பியின் தறியைப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார்.

"இந்தத் தறிய இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்களே. ஆளு கெடைச்சா நான் பாவு குடுப்பனுங்க."

நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். "நான் நெய்யறனுங்க" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். கேலியாகச் சிரித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பிரியமாகச் சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து முதலாளி அடங்கினார். "அப்படீங்களா அம்மணி? செரி, ஒண்ணு பண்ணுங்க. இவரு ஓட்டற பாவுல கடைசிச் சேலைய நீங்க நெய்ஞ்சு காட்டுங்க. தனியா, முழுசா. கை நின்னுச்சுன்னா அந்தத் தறிக்குப் பாவு ஏத்தீரலாம்" என்றார்.

அதற்கு முன்பே நான் கொஞ்சம் பழகத் தொடங்கியிருந்தேன். இவர் ஒரு சேலையை முடித்து அடுத்ததைத் தொடங்காத நாட்களில், நடுவில் அறுத்துப் போடும் பாவில், மதியம் சாப்பிட்டுவிட்டு இவர் கண்ணசரும் நேரம்தான் என் பள்ளிக்கூடம். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் நாடா ஒன்று பாதியிலேயே நிற்கும், இல்லாவிட்டால் தறியைத் தாண்டிப் பறந்து சுவரில் இடிக்கும். அந்தச் சத்தத்தில் இவர் எழுந்து வந்து அறுந்த இழைகளை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். கரை ஒருநாள் உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுநாள் தொளதொளவென்று வெளியே வழியும். காரணம் கேட்டால், "இழுத்துப் புடிச்சிருக்கற" என்பார். எதை, எந்தக் கையால், எவ்வளவு என்பதெல்லாம் கிடையாது. கடைசியில் போனில் ஏதோ வடக்கத்தி அம்மாள் நெய்யும் வீடியோ ஒன்று அகப்பட்டது. அவள் பேசியது ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் பலகையைத் தோளிலிருந்து இழுக்காமல் முழங்கையிலிருந்து இழுக்கிறாள் என்பது தெரிந்தது. இருபது வருஷம் ஒரே அறையில் இருந்த மனுஷரிடம் கிடைக்காத பாடம், பாஷை தெரியாத ஒருத்தியிடம் கிடைத்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

அதன்பிறகு கை மெல்லப் படிந்தது. என் அடி இவர் அடியைவிட லேசு. இவர் அடித்தால் துணி கெட்டியாக நிற்கும். நான் அடித்தால் கொஞ்சம் இளக்கமாக, தொட்டால் மிருதுவாக இருக்கும். ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மாதிரி லேசாக அடிக்க எனக்கு வந்துவிட்டது. நெசவில் அதுதான் முக்கியம்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு சேலை நடந்துகொண்டிருக்கும்போது தறியில் ஆளை மாற்ற மாட்டார்கள். ஒவ்வொருவருடைய அடியும் ஒவ்வொரு மாதிரி. பாதிச் சேலையில் வேறொருவர் உட்கார்ந்தால் அந்த இடம் வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும். போன வருஷம் இவருக்குச் சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டார். தறியில் அரைச் சேலை நின்றது. பக்கத்துத் தெருவில் இவரோடு சேர்ந்து தொழில் பழகியவர், "நான் முடிச்சுத் தர்றனுங்க" என்று வந்தார். எழுந்து உட்கார முடியாத நிலையிலும் இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாமுங்க, கை மாறுனா சேலை கெட்டுப்போயிரும்" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சேலை இவர் எழுந்து நடமாடும்வரை துணி போர்த்திக் காத்திருந்தது. முதலாளியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் முறை தெரியும்.

என் சேலை மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. சமையலை முடித்து, துணி துவைத்து, தண்ணீர் வரும் நாளில் தண்ணீர் பிடித்து, மிச்சம் கிடைக்கும் நேரத்தில்தான் தறி. கொஞ்சம் ஓட்டம் பிடிக்கும்போது குக்கர் விசில் அடிக்கும். எழுந்து போய் வந்தால் கை பழைய அடிக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். இவர் நெய்யும்போது வீட்டில் யாரும் இவரைத் தறியிலிருந்து எழுப்ப மாட்டார்கள். நான் நெய்யும்போது, "புள்ள, கண்ணாடி எங்க வெச்ச?" என்று கேட்பார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருக்கும். பாவின் கடைசி என்பதால் இழைகள் வேறு ஒரு பக்கம் தொய்யும், ஒரு பக்கம் விறைக்கும். கடைசிச் சேலையைப் புதிதாகப் பழகுகிறவளிடம் கொடுத்ததிலேயே ஒரு நியாயமும் இல்லை என்பது உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது. இருந்தாலும் சேலை வளர்ந்தது. முக்கால் சேலைக்கு மேல் தாண்டிவிட்டேன். படமரத்தில் சுருண்டிருந்த துணியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கர்வமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

அந்தச் சமயத்தில் சிங்காநல்லூரில் என் சித்தி மகள் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தாள். போகாமல் இருக்க முடியாது. இவருக்கு மாவு, சட்னி, குழம்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, தறியின் மேல் துணியைப் போர்த்திவிட்டுக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முன் இழை ஒன்று அறுந்தது. அதை முடிந்து, நாலைந்து இழை ஓட்டி அந்த முடிச்சைத் துணிக்குள் வாங்கிக்கொண்டு நிறுத்தினேன்.

மறுநாள் சாயங்காலம், இரண்டு பஸ் மாறி, நெரிசலில் நசுங்கி வீட்டுக்கு வந்தால் இவர் எனக்காகக் காப்பி போட்டு வைத்திருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இது நடந்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காப்பியைக் குடித்துவிட்டுத் தறியின் துணியை விலக்கினேன். நான் முடிந்துவிட்டுப் போன முடிச்சு பலகைக்குப் பக்கத்தில் இல்லை. ஒரு முழம் தள்ளி, படமரத்துக்குக் கிட்டே இருந்தது.

"ஏனுங்க, இதுல ஆரு உக்காந்தது?"

"ஆரு உக்காருவாங்க? நாந்தான்" என்றார். முகத்தில் அவ்வளவு நிறைவு. "நீ கெடந்து கஷ்டப்படறியே, ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்னு சித்த நேரம் நெய்ஞ்சுபோட்டேன்."

பெருவிரலால் தடவிப் பார்த்தேன். முடிச்சு வரைக்கும் என் துணி. அதற்கு மேல் கெட்டியாக இவர் துணி. ஜன்னலைத் திறந்துவிட்டுக் குனிந்து பார்த்தால் மஞ்சளில் ஒரு பட்டை விழுந்திருந்தது. யார் பார்த்தாலும் தெரியும்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கை மாறுனா கெட்டுப்போயிரும்னு கும்புட்டுச் சொன்னீங்களே, அது ஆரு?" என்று கத்தினேன்.

"அது முதலாளிக்குப் போற சேலை புள்ள."

"இது?"

"இது நீ பழகறதுதானே?"

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. வெயிலடிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. பொறாமையில் செய்திருந்தாலாவது என் சேலையை ஒரு சேலையாக மதித்தார் என்று ஆகியிருக்கும். காய்ச்சலில் கிடந்தபோதும் இன்னொரு கை படவிடாமல் தன் சேலையைக் காத்த மனுஷருக்கு, என் சேலையில் கை வைக்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. கொடியில் காயும் துணியை மழைக்கு எடுத்து வைப்பதுபோல் எடுத்து வைத்திருக்கிறார்.

துடியலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மகளைப் போனில் கூப்பிட்டுக் கொட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அம்மா, அப்பா பாவம்மா. டீம் ஒர்க்னு நெனச்சுக்கோ" என்றாள். அவள் பார்க்கும் டெஸ்டில் வேறொருத்தி வந்து பாதி ரத்தத்தை ஊற்றினால் அதுவும் டீம் ஒர்க்தானா என்று கேட்டேன். சிரித்தாள். போனை வைத்துவிட்டேன். ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அங்கே களவு கொடுத்தவர்கள் போய் முறையிடுவார்கள். ஒரு முழம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று எந்த வாயால் முறையிடுவது?

மறுநாள் காலையில் பிரிக்க உட்கார்ந்தேன். நெய்ததைப் பிரிப்பது நெய்வதைவிடக் கொடுமை. குறுக்கே ஓடும் ஊடை இழையை ஒவ்வொன்றாக உருவும்போது பாவு நூல் உரசிப் பிசிறு தட்டும். அதுவும் கஞ்சி தளர்ந்த கடைசிப் பாவு. கொஞ்சம் உருவியதுமே இரண்டு இழைகள் அடுத்தடுத்து அறுந்தன. இவர் வாசலில் நின்று பதறினார். "நல்ல துணிய ஆராச்சும் பிரிப்பாங்களா? மிச்சப் பாவும் போயிரும், சொன்னாக் கேளு." அந்த ஒரு தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது. இன்னும் பிரித்தால் சேலையே மிஞ்சாது. கையை எடுத்துவிட்டேன். அழுகை வந்தது. அழுதேன்.

"முதலாளி வந்தா, இந்த முழம் உங்களதுன்னு நீங்களே சொல்லோணும்" என்றேன்.

"சொல்றேன் சொல்றேன்."

மிச்சத்தை நெய்யும்போது இவருடைய அடிக்கு என் கையைக் கொண்டுபோகலாமா என்று ஒரு யோசனை வந்தது. பலமாக அடித்தால் பட்டை நீண்டு, அங்கிருந்து முந்தானை வரை ஒன்றாகிவிடும். பார்க்கிறவர்களுக்குப் போகப்போகக் கை தேறியதுபோல் தெரியும். செய்யவில்லை. என் அடியிலேயே தொடர்ந்து, முந்தானையும் போட்டு, அறுத்து இறக்கினேன். சேலையை மடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் பார்க்காமல் மடிக்கப் பழகிக்கொண்டேன்.

முதலாளி வந்தார். இவர் நெய்த சேலைகளை மேலோட்டமாகப் புரட்டி அடுக்கி வைத்துவிட்டு, "அம்மணியோடது எங்கீங்க?" என்று ஞாபகமாகக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் இவர் ஒரு முனையைப் பிடிக்க, முதலாளி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பட்டை வந்த இடத்தில் அவர் கை நின்றது. உள்ளங்கையைத் துணிக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அம்மணி, மத்த எடமெல்லாம் சித்த இளக்கந்தானுங்க. ஆனா இந்த எடத்துல பாருங்க, கை எப்படி நின்னிருக்குது! இத நீங்க நெய்ஞ்சிருக்கீங்கன்னா உங்களுக்குத் தொழில் வந்துருச்சுன்னு அர்த்தமுங்க. இதே மாதிரி போட்டீங்கன்னாப் போதும். வர்ற வெள்ளிக்கெழம அந்தத் தறிக்குப் பாவு ஏத்தீரலாம்."

இவரைப் பார்த்தேன். சொல்கிறேன் சொல்கிறேன் என்ற வாய் மூடியே இருந்தது. துணி முனையைப் பிடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு நல்லது நடக்கிறது என்ற சந்தோஷத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னையும் கண்ணால் அடக்கினார். சும்மா இரு என்று அர்த்தம். இருந்திருக்கலாம். தறி கிடைத்திருக்கும். இனி ஒழுங்காகப் பழகிக்கொண்டால் யாருக்கு என்ன தெரியப் போகிறது?

"அந்த எடம் இவரு நெய்ஞ்சதுங்க" என்றேன். "மத்ததெல்லாம் நானுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பாதிச் சேலையில் கை மாற்றியிருக்கிறார்கள் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இவரிடம்தான் கேட்டார். "ஏனுங்க, நீங்களா இப்படிப் பண்ணுனீங்க?"

"பழகற சேலைதானுங்களேன்னு..." என்று இழுத்தார் இவர்.

முதலாளி மறுபடி சேலையை நகர்த்தி என் துணியைப் பார்த்தார். இந்த முறை வேகமாகப் பார்த்தார். "மோசமில்லீங்க அம்மணி. இன்னும் கை கெட்டிப்படோணும். அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார். சேலையை மடித்து இவருடைய சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எவள் உடுத்தப் போகிறாளோ தெரியாது.

வண்டிச் சத்தம் ஓயும்வரை இவர் பொறுத்திருந்தார். அப்புறம் என்மேல் பாய்ந்தார். இவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

"உன்ற வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன? குடுக்கறன்னு சொன்ன பாவ வேண்டாம்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன். வாயத் தொறக்காம இருந்திருந்தா வெள்ளிக்கெழம பாவு வந்திருக்குமில்ல?"

"வந்திருக்குமுங்க" என்றேன். "ஆரு கைக்கு?"

அவர் பாவு இல்லாமல் வெறுமையாக நின்ற தன் தறியையும் மூட்டை ஏறிய தம்பி தறியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட கேள்விக்கு, அது கைக்கே தெரியும் என்று அவர் சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.